தலைக்கும் கைக்கும் ஒரே லைட்: வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்ப்பது?

கேட்டவருக்கு உடுமலைப் பக்கம் தோட்டம். ராத்திரியில் மும்முனை கரண்ட் வரும்போது மோட்டார் போடவும் மடை மாற்றவும் போகவேண்டியிருக்கிறது, வருஷம் ஒருமுறை வெள்ளியங்கிரி ஏறுகிறார், வீட்டில் கரண்ட் போனாலும் கைகொடுக்க வேண்டும். கைக்கு அடக்கமாக, சார்ஜ் ஏற்றிக்கொள்கிற மாதிரி, தலையிலும் மாட்டிக்கொள்ளலாம் என்று வருகிற லைட் ஒன்று மட்டும் போதுமா, இல்லை டார்ச் தனி ஹெட்லைட் தனி என்று வாங்குவதா என்பது அவர் கேள்வி. பட்ஜெட் 3000 ரூபாய். கூடவே ஒரு சந்தேகம்: 600 ரூபாய்க்கு "10,000 லூமன்" (லூமன் என்பது லைட் கொடுக்கிற மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டு விற்கிறார்களே, அதில் என்ன குறை?

ஒன்றே போதும். பத்து வருஷத்துக்கு மேலாக இந்த மாதிரி லைட்டுகளை வாங்கி, கெடுத்து, பிரித்துப் பார்த்து, மறுபடி வாங்கி வருகிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஆனால் பலரும் இதை "தலையிலும் மாட்டலாம், அது ஒரு கூடுதல் வசதி" என்று நினைத்து வாங்குகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். தலையில் இருக்கிற லைட்டை நினைத்த நேரத்தில் கழற்றிக் கையில் பிடிக்க முடிவதுதான் இதன் உண்மையான பலன். ஏன் என்று சொல்கிறேன், உங்கள் தோட்டத்துக்கு அதுதான் முக்கியம்.

நெற்றியில் லைட் இருந்தால் வெளிச்சம் கிளம்புகிற இடமும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றன. எதிரே கிடக்கிற கல்லுக்கு நிழல் விழத்தான் செய்கிறது, ஆனால் அந்த நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. வரப்பு, வரப்பில் இருக்கிற குழி, கிடக்கிற ஹோஸ் பைப், அதன் பக்கத்தில் சுருண்டு கிடக்கிற கண்ணாடி விரியன், எல்லாம் தரையில் ஒட்டிய படம் மாதிரி தட்டையாகத் தெரியும். அதே லைட்டை இடுப்பு உயரத்துக்கோ முழங்கால் உயரத்துக்கோ இறக்கிப் பிடியுங்கள், ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் நீளமாக நிழல் நீளும், சருகோடு சருகாகக் கிடக்கிற பாம்பின் பருமன் அப்போதுதான் கண்ணில் படும். நம்பிக்கை இல்லை என்றால் இன்று ராத்திரியே செல்போன் லைட்டை நெற்றியில் வைத்து ஒருமுறை, முழங்காலருகே வைத்து ஒருமுறை வாசலைப் பாருங்கள்.

மூடுபனியிலும் இதே கதைதான். வெள்ளியங்கிரியில் மேல் மலைகளில் பனி இறங்கிவிட்டால் தலையில் கட்டிய லைட் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். ஊட்டி மலைப்பாதையில் பனிக்குள் ஹைபீம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கழற்றிக் கையில் தாழ்த்திப் பிடித்தால் படி தெரியும்.

சரி, அப்படியென்றால் வெறும் டார்ச்சே போதுமே என்று கேட்கலாம். மண்வெட்டியை ஒற்றைக் கையில் பிடித்து மடை வெட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் பார்க்கும்போதும், மலையில் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையால் பாறையைப் பிடிக்கும்போதும் வெளிச்சம் தலையில்தான் இருக்கவேண்டும். குமரி மாவட்டத்தில் விடிவதற்கு முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், இருட்டோடு மல்லிகைத் தோட்டத்தில் இறங்கிப் பூ எடுக்கிறவர்களும் தலையில் லைட் கட்டுவது இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால்தான். ஆக, வேலை செய்யும்போது தலையில், நடக்கும்போது கையில். இந்த மாற்றத்துக்கு மூன்று நொடிக்கு மேல் ஆகும் என்றால் நீங்கள் மாற்ற மாட்டீர்கள், சோம்பல்பட்டுத் தலையிலேயே விட்டுவிடுவீர்கள், நானும் அப்படித்தான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது லூமனை அல்ல, பட்டையில் லைட் உட்காருகிற விதத்தை. இந்த வகையில் நல்ல லைட்டுகள் எல்லாம் ஆங்கில எல் எழுத்து மாதிரி இருக்கும், உடம்பு விரல் நீளத்துக்கு ஒரு குழாய், வெளிச்சம் அதன் பக்கவாட்டில் வரும். இந்த வளைந்த தலை புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, இரண்டாம் உலகப்போரிலேயே அமெரிக்க ராணுவத்தில் டிஎல்-122 என்று இதே வடிவத்தில் டார்ச் இருந்தது, சட்டையிலோ பெல்ட்டிலோ செருகிவிட்டால் நேர் முன்னால் அடிக்கும். இப்போதைய சின்ன லைட்டை நெற்றிப் பட்டையில் இருக்கிற இரண்டு ரப்பர் வளையத்துக்குள் படுக்கை வசத்தில் செருகவேண்டும். ரப்பர் புதிதாக இருக்கும்போது ரொம்ப இறுக்கமாக இருக்கும், வேர்வைக் கையோடு இருட்டில் செருகுவது எரிச்சல். பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ கவ்வி வைத்து "டக்" என்று விட்டுப் பிடிக்கிற மாதிரி வருவது மேல், காந்தத்தில் ஒட்டுகிற வகை இன்னும் சுலபம், ஆனால் குதித்தால் கழன்று விழும். எதுவானாலும் பட்டைக்குள்ளேயே லைட்டை மேலும் கீழும் உருட்டித் திருப்ப முடியவேண்டும், இல்லாவிட்டால் மடையைப் பார்க்கக் கழுத்தை வளைத்து வளைத்து வலி வந்துவிடும். பின்பக்கம் காந்தம் இருந்தால் ஸ்டார்ட்டர் பெட்டியில், டிராக்டர் பானெட்டில், வீட்டு ஜன்னல் கம்பியில் ஒட்டிவைக்கலாம். கரண்ட் போன சமயத்தில் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வெளிச்சத்தைக் கூரைக்குத் திருப்பிவிட்டால் அறை முழுக்கப் பரவும். எங்கள் வீட்டில் இந்த லைட்டுக்கு அதுதான் முழுநேர வேலை.

அடுத்தது பேட்டரி. 18650 என்று ஒரு லித்தியம் செல் உண்டு, பெயரிலேயே அளவு இருக்கிறது, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். உங்கள் தேவைக்கு இதுதான் சரியான அளவு. இதைவிடப் பெரிய 21700 செல்லில் 5000 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) சுமாருக்குக் கிடைக்கும், ஆனால் செல் மட்டுமே 70 கிராம், நெற்றியில் தொங்கும், உச்சிப் பட்டையும் வேண்டியிருக்கும். சின்னதாக 16340 செல் போடுகிற கட்டை விரல் அளவு லைட்டுகளும் உண்டு, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் 700 எம்ஏஎச் சுமாருக்குத்தான் இருக்கும், தோட்டத்தில் இரண்டு மணி நேரம் ஓடினாலே சோர்ந்துபோகும். அதைச் சாவிக்கொத்தோடு வைத்துக்கொள்ளலாம், மலைக்கு நம்பிப் போகக்கூடாது.

இப்போது அந்த 10,000 லூமனுக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டால் போதும். நல்ல 18650 செல் 3500 எம்ஏஎச், 3.6 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் 12.6 வாட்-மணி. இன்றைய நல்ல எல்இடி, சர்க்யூட், லென்ஸ் இழப்பு எல்லாம் போக ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 லூமன் என்றால் 100 வாட், அதாவது அந்த செல் ஏழெட்டு நிமிஷத்தில் காலி, அதற்கு முன்னாலேயே லைட்டின் உடம்பைத் தொட முடியாதபடி கொதிக்கும். 600 ரூபாய் லைட் அப்படியெல்லாம் கொதிப்பதில்லை என்பதே அது 10,000 லூமன் இல்லை என்பதற்குச் சாட்சி. அதே கணக்கில் 100 லூமன் என்றால் ஒரு வாட்தான், பன்னிரண்டு மணி நேரம் ஓடும், 400 லூமன் என்றால் மூன்று மணி நேரம்.

100 லூமன் குறைவு என்று தோன்றும். நம் அப்பா தாத்தா காலத்தில் மூன்று கட்டை பேட்டரி போட்ட எவரெடி டார்ச் இருந்ததே, அதன் குண்டு பல்பை இன்று அளந்தால் சில பத்து லூமன்தான் தேறும். அதை வைத்துக்கொண்டுதான் ஊரே வரப்பில் நடந்தது. நடப்பதற்கு 50 முதல் 150 லூமன், தூரத்தில் என்ன சத்தம் என்று பார்க்கிற அரை நிமிஷத்துக்கு 1000 லூமன், வீட்டில் தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் தண்ணீர் எடுக்க ஒரு லூமன். இந்த மூன்றும் தனித்தனிப் படிகளாக இருக்கிற லைட்டாகப் பாருங்கள். ரொம்ப மங்கலான கடைசிப் படி இல்லாத லைட் வீட்டுக்கு உதவாது.

பெட்டியில் 1200 லூமன் என்று நியாயமாகவே போட்டிருந்தாலும் அது தொடர்ந்து வராது. சின்ன அலுமினிய உடம்பால் அந்தச் சூட்டைத் தாங்க முடியாது, ஒன்றிரண்டு நிமிஷத்தில் சர்க்யூட்டே 300, 400 லூமனுக்கு இறக்கிவிடும். இது பழுது இல்லை, அப்படித்தான் செய்யவேண்டும். எஃப்எல்1 என்று ஒரு அளவுமுறை இருக்கிறது, 2009-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள், நல்ல கம்பெனிகள் பெட்டியில் அந்தக் குறியோடு எண்களைப் போடும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லூமனை லைட் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள் அளப்பார்கள், எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை எண்ணுவார்கள். ஆக "1200 லூமன், 3 மணி நேரம்" என்றால் மூன்று மணி நேரமும் 1200 என்று அர்த்தமில்லை, மூன்றாவது மணி நேரத்தில் 150 இருந்தாலும் விதிப்படி அது சரிதான். தூரமும் அப்படியே. வெளிச்சம் 0.25 லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) ஆகிற இடம் வரை எண்ணுவார்கள், அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். 200 மீட்டர் என்று போட்டிருந்தால் நீங்கள் தெளிவாக அடையாளம் காணப்போவது அதில் பாதி.

இந்த இடத்தில் ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். தலையில் மாட்டுகிற லைட்டுகளின் வெளிச்சம் அகலமாகப் பரவும், அதுதான் கிட்ட வேலைக்கு நல்லது, ஆனால் தோட்டத்தின் கடைசி மூலையில் காட்டுப்பன்றி நிற்கிறதா என்று இதில் பார்க்க முடியாது. இரண்டு எல்இடி வைத்து, ஒன்று பரவலாக, ஒன்று கூராக அடிக்கிற மாதிரியும் வருகிறது. வர்க்கோஸ் என்கிற கம்பெனியில் அப்படி இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்வது அந்த வகைதான். பரவலைப் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள், கையில் எடுக்கும்போது கூர் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் 300 மீட்டர் பார்க்கவேண்டும் என்றால் பெரிய தலை வைத்த டார்ச் வேறு வாங்கத்தான் வேண்டும். சோஃபிர்ன், ஸ்கில்ஹன்ட் என்கிற கம்பெனிகள் இரண்டிலும் எல் வடிவத்தில் 18650 லைட்டுகள் உண்டு, ஆர்மிடெக், ஜீப்ராலைட் எல்லாம் அருமை, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது.

வெளிச்சத்தின் நிறம் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதும், புரிந்துவிடும். 6500 கெல்வின் என்று நீலம் பாய்ந்த வெள்ளையில் வருகிற லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனால் ஈசலும் பூச்சியும் நேரே மூக்குக்கும் வாய்க்கும் வரும். 4000 கெல்வின் பக்கம் கொஞ்சம் மஞ்சள் கலந்தது வாங்கினால் பூச்சி குறையும், காய்ந்த புல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் நிற வித்தியாசமும் நன்றாகத் தெரியும். சிஆர்ஐ 90க்கு மேல் என்று போட்டிருந்தால் நிறத்தை நிஜமாகக் காட்டும் என்று பொருள், கேபிள் ஒயரில் சிவப்பு எது பழுப்பு எது என்று பார்க்க அது உதவும். சிவப்பு லைட் மோட் இருந்தால் மலையில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்க நல்லது, இருட்டுக்குப் பழகிய கண் கெடாது (பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஒரு வெள்ளை ஃபிளாஷில் எல்லாம் போச்சு). ஆனால் வரப்பில் சிவப்பு லைட்டில் நடக்காதீர்கள், பாம்பின் மேல் இருக்கிற பட்டைகளும் புள்ளிகளும் அதில் கரைந்துவிடும்.

பாம்புப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2020-ல் வந்த ஓர் ஆய்வு இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது, அதில் பெரும்பகுதி கிராமங்களில். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தலையில் லைட்டோடு தோட்டத்தில் பார்த்தால் புல்லில் அங்கங்கே பொடிப் பொடியாக மின்னும், அது பெரும்பாலும் சிலந்தியின் கண், வெளிச்சம் பட்ட வழியே திரும்பி வருவதால் நெற்றி லைட்டில்தான் நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பாம்புக் கண்ணும் இப்படி மின்னும் என்று நம்பிவிடாதீர்கள், மின்னாது. லைட்டைத் தாழ்த்திப் பிடித்துத் தரையைப் பார்த்து நடப்பதும், முழங்கால் வரை பூட்ஸ் போடுவதும்தான் வழி.

சார்ஜ் விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. முதலில் வாங்கிய லைட்டுக்கு அந்தக் கம்பெனிக்கே உரிய காந்த ஒயர் இருந்தால்தான் சார்ஜ் ஏறும், செல்லும் அவர்களுடையதே வேண்டும். ஒரு பயணத்தில் ஒயர் தொலைந்தது, அது கிடைக்கிற வரை நாலு மாசம் லைட் அலமாரியில் தூங்கியது. அதிலிருந்து யுஎஸ்பி-சி துளையும், கழற்றி மாற்றக்கூடிய சாதாரண 18650 செல்லும் இல்லாத லைட்டைத் தொடுவதில்லை. அதிலும் ஒரு சில்லறைத் தொல்லை இருக்கிறது: விலை குறைந்த பல லைட்டுகளில் இரண்டு பக்கமும் சி முனை உள்ள புது போன் ஒயரைச் செருகினால் சார்ஜே ஏறாது. லைட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள், அதனால் சார்ஜருக்கு எதிரே ஒரு கருவி இருப்பதே தெரியாது. ஒருபக்கம் பழைய அகலமான யுஎஸ்பி முனை இருக்கிற ஒயரைப் போட்டால் ஏறும். காலி செல் நிறைய நாலு மணி நேரம் ஆகலாம். சார்ஜ் துளையை மூடுகிற ரப்பர் மூடி கிழிந்துவிட்டால் ஐபிஎக்ஸ்8 (தண்ணீர் புகாது என்கிற தரக்குறி) என்று போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை, வாய்க்காலில் விழுந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

கூடுதலாக ஒரு செல் வாங்கி வையுங்கள், மலைக்குக் கட்டாயம். 9900 எம்ஏஎச் என்று ஒட்டியிருப்பதை எடுக்காதீர்கள், 18650 அளவில் நல்ல செல்லிலேயே 3500 சுமாருக்குத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள், நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். ஒருமுறை ஒரு "9900"-ஐ நகைக்கடைத் தராசில் வைத்தேன், 31 கிராம், கடைக்காரரே சிரித்தார். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லைப் போடுகிற பழக்கமும் பலருக்கு இருக்கிறது, நெற்றியில் கட்டப்போகிற பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம். உதிரிச் செல்லைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடக்கூடாது, அவை செல்லின் இரண்டு முனையையும் இணைத்துவிட்டால் தீப்பிடிக்கலாம், பத்து இருபது ரூபாய் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். விமானத்தில் போனால் அது கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

பைக்குள் லைட் தானாக எரிவதும் சாதாரண ஆபத்து இல்லை. பக்கவாட்டு பட்டன் துணிமேல் அழுந்தி முழு வெளிச்சத்தில் எரிந்து, என் பையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது, உள்ளே இருந்த வேட்டியும் போச்சு. அதிலிருந்து பையில் போடும் முன் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுகிறேன், இணைப்பு விட்டுவிடும், சார்ஜ் தானாகக் கசிவதும் நிற்கும். சில லைட்டுகளில் மூடியின் திருகு மரையில் கரண்ட் கடத்தாத பூச்சு இல்லாததால் தளர்த்தினாலும் எரியும், வாங்கியவுடன் சோதித்துப் பாருங்கள்.

பட்டன் ஒன்றே இருக்கட்டும். ஒரு தட்டில் எரிந்து, ஒரு தட்டில் அணைந்து, அழுத்திப் பிடித்தால் படி மாறினால் போதும். ஐந்து தட்டு, ஆறு தட்டு என்று வித்தை காட்டுகிற லைட்டுகளை நானும் ஆசையாக வாங்கினேன், வீட்டில் பெரியவர் கையில் கொடுத்தால் மினுக் மினுக் என்று மின்னல் அடிக்க ஆரம்பித்து, "இதை யாராவது அணைங்கப்பா" என்று சத்தம் வரும். அந்த மின்னல் மோட் இல்லாமலே இருந்தால் நல்லது, இருந்தால் மூன்று தட்டுக்கு அப்பால் ஒளிந்திருக்கட்டும்.

இன்னொன்று, பழைய கட்டை பேட்டரி மாதிரி இது மெல்ல மங்கிச் சொல்லிவிட்டுப் போகாது. நல்ல சர்க்யூட் கடைசி வரை ஒரே வெளிச்சம் கொடுத்துவிட்டுத் திடீரென்று படுக்கும், பட்டனில் இருக்கிற சின்ன லைட் சிவப்பானால் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். மாசக்கணக்கில் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், வெயிலில் நிறுத்திய காரில் போட்டு வைக்காதீர்கள்.

உங்களுக்கு என் கணக்கு: எல் வடிவம், 18650, யுஎஸ்பி-சி, பரவல்-கூர் இரண்டு எல்இடி, பின்பக்கக் காந்தம், 4000-5000 கெல்வின். லைட்டும் ஒரு செல்லும் பட்டையும் 3000-க்குள் முடிந்துவிடும், மிச்சத்தில் இன்னொரு செல். மலையில் எதிரே ஆள் வந்தால் தலையைத் திருப்பாதீர்கள், கையால் லைட்டை மறையுங்கள், இறங்கி வருகிறவர் கண் கூசித் தடுமாறினால் விழுவது அவர்தான். பட்டை வேர்வையிலும் தேங்காயெண்ணெயிலும் ஊறி ஒரு மாசத்தில் நாற ஆரம்பிக்கும், லைட்டைக் கழற்றி வைத்துவிட்டு சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப் போடுங்கள், வெயிலில் போட்டால் எலாஸ்டிக் தொளதொளத்துவிடும்.